நடுத்தரப் புல்

டிப்போச் சந்திக் கடையில் சுடரவன் கேட்டான்:
"தம்பிக்கோ அக்கா?"
எனக்குத்தான் என்றேன்.

விலையை உடனே சொல்லவில்லை.
மொனிட்டர் எத்தனை அங்குலம், பவர் சப்ளை எத்தனை வாட்,
கேஸுக்குள் நீளம் எவ்வளவு என்று
சாதகம் பார்க்கிறவன் போல ஒவ்வொன்றாய்க் கேட்டான்.
நானூற்றைம்பது வாட் என்றதும் உதட்டைப் பிதுக்கினான்.
"பக்கத்து வீட்டில மோட்டர் போட்டா லைற் மங்குமோ?"
மங்கும். பரந்தனில் எல்லாருக்கும் மங்கும்.

பச்சைப் பெட்டி: எட்டு ஜிபி, ஒரு லட்சத்துப் பதினெட்டு.
சிவப்புப் பெட்டி: பன்னிரண்டு ஜிபி, ஏழாயிரம் குறைவு,
ஆனால் கரண்டைக் குடிக்கும்.
மூன்றாவதுக்குப் பெட்டியே இல்லை. அறுபத்திரண்டு.
"கொழும்பில கொயின் தோண்டின கார்ட்.
ஒன்றரை வருசம் இரவு பகல் நிக்காமல் தோண்டியிருக்கு."
அதன் விசிறியை விரல் நுனியால் சுற்றிப் பார்த்தேன்.
மணல் அரைபடுகிற சத்தம்.
நானும் தோண்டித்தான் சம்பளம் எடுக்கிறேன் என்று
அவனுக்குச் சொல்லவில்லை.

காலை ஆறரைக்கு ஏப்பிரன் கட்டி, வைசரை இறக்கி,
முழங்காலில் இருந்து
புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுவேன்,
ஒரு பிடி, பிறகு ஒரு பிடி.
வெட்டின இடத்துக்கு மேல் டிடெக்டரைப் பிடிப்பேன்.
கத்தினால் தோண்டுவேன்.
ஆணி. மீன் ரின் மூடி. சன்னக் கோது. ஆணி.
நேற்று முழுநாளும் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
கலைநிலா சொல்லுவாள்,
புல்லுக்கும் உனக்கும் என்னடி கோபம் எண்டு.

வீட்டில் கிடக்கிற பழைய கார்ட் இரண்டு ஜிபி.
விளையாட்டை ஓடவைக்க எல்லாவற்றையும் அணைத்திருந்தேன்.
நிழல் இல்லை. குளத்தில் வானம் இல்லை.
புல்: ஓஃப்.
மொட்டை மண்ணில் என் குதிரை
நொடிக்குப் பதினெட்டுப் படமாய் விக்கி விக்கி ஓடும்.
தரை ஒரு அங்குலம் விடாமல் தெரியும்,
வேலை முடித்த காணி மாதிரி.
கையெழுத்துப் போட்டு ஆட்களிடம் கொடுத்துவிடலாம்.

"எது முக்கியம் உங்களுக்கு? நிழலோ, தூரமோ, ஃபிரேமோ?"
புல் என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும்
கடைக் கணினியில் அதே விளையாட்டைத் திறந்து
'உயர்' என்று வைத்தான்.

இடுப்பளவுக்கு எழும்பி நின்றது.
ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பவும் சாய்ந்து.
குதிரையால் இறங்கினேன்.
ஒரு அடி வைத்தேன், நின்றேன்.
இன்னொரு அடி. நின்றேன்.
"லாக் அடிக்குதோ அக்கா?"
இல்லை.
பிறகு ஷிஃப்ட்டை அமத்திப் பிடித்தேன்.
ஓடினேன், கீழே பார்க்காமல்,
மலை முடியும்வரை, கடைக்கு வேறு ஆட்கள் வந்து
பிரிண்டர் மை கேட்கும்வரை.

சிவப்புப் பெட்டிதான் லாபம் என்று அவன் கணக்குக் காட்டினான்.
கணக்குச் சரி.
ஆனால் ஒன்பது வருசமாய்
சிவப்புக் கட்டைக்கு அங்கால் கால் வைக்காத பழக்கம்.
சிரித்துக்கொண்டு பச்சையை எடுத்தேன்.
சீட்டுக் காசு எண்பது, மிச்சம் இரண்டு மாதத்தில்.

இரவு பூட்டினபோது கார்ட் இரண்டு சென்ரிமீட்டர் நீளம்.
கேஸின் பக்கத் தகட்டைக் கழற்றிச்
சுவரோடு சாத்திவிட்டேன்.
உயரில் நாற்பத்தொரு ஃபிரேம், அடிக்கடி இழுத்தது.
நடுத்தரத்தில் அறுபது.
சரி, நடுத்தரம். முழங்காலளவுப் புல். போதும்.

பக்கத்து வீட்டில் மோட்டர் போட்டார்கள்.
லைற் மங்கியது.
நான் ஓடிக்கொண்டிருந்தேன்.