வெள்ளிக்கிழமை ஞாயிறுப் பள்ளி

ஃபஹாஹீலில் இரண்டு நாள் தூசிக்காற்று.
ஜன்னல் இடுக்கில் குவிந்த மணலைக்
கொட்டப் போனவன்
என்னவோ தோன்றி
பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை, ஞாயிறுப் பள்ளி.
ஏழு பிள்ளைகள். பாய்மேல் மணல்.
நடுவில் ஒரு பேரீச்சங்கொட்டை.
"இதுதான் ஆபிரகாம்.
ஊரை விட்டுக் கிளம்பிட்டார்.
எங்கே போறோம்னு அவருக்கே தெரியாது."
விரலால் தள்ளினேன்,
தடம் விழுந்தது.

"விசா இருந்துச்சா அங்கிள்?"
பெனிஷா கேட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை.
போன மாதம்தான் கெர்சோமின் அப்பாவை
ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தோம்,
இரண்டு பெட்டி, ஒரு போர்வையோடு.

பாடக்குறிப்பு சட்டைப்பையில் இருந்தது.
அதில் இதற்குப் பதில் இல்லை.

கெர்சோம் முட்டிபோட்டு வந்து
இன்னொரு கொட்டையைப்
பக்கத்தில் வைத்தான்.
"சாராளா?" என்றேன்.
"இல்ல, கடவுள்."
கொஞ்சம் யோசித்து,
"அவருக்கும் கால் சுடும்ல?"

ஏ.சி. மட்டும் இரைந்துகொண்டிருந்தது.
நான் வாயைத் திறந்து
மூடிக்கொண்டேன்.
ஏழு தலைகளும்
மணலுக்கு அருகே குனிந்தன,
சூடு தெரிகிறதா என்று பார்ப்பதுபோல.

மணலை அள்ளும்போது
ஒரு கொட்டை குறைந்தது.
வீடு வரைக்கும் காரின் பின்சீட்டில்
கெர்சோம் வலக்கையைத் திறக்கவே இல்லை.

எந்தக் கொட்டை என்று
நான் கேட்கவில்லை.