எடைமேடைக்காரியின் வீடு

வீட்டுக்கு விலை போட
ஈப்போவிலிருந்து பேங்கு ஆள் வந்தார்.
பெயர் ஹைருல். கையில் படிவம்,
காலில் பளபளக்கும் சப்பாத்து.
பௌர்ணமிக்கு மறுநாள் சாயங்காலம்
பாகான் டத்தோவுக்கு
அப்படி ஒரு சப்பாத்தோடு யாரும் வருவதில்லை.
சொல்லத்தான் நினைத்தேன்,
அதற்குள் சுவரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

கேட்டில் துரு, என்று எழுதினார்.
ஆமாம், உப்புக்காற்று.
மூன்று வருடத்துக்கு ஒரு கேட்டைத் தின்னும்.
ஜன்னல் கம்பியைத் தொட்டு நக்கினால்
குழம்புக்கு உப்பே வேண்டாம் என்பான் என் மகன்.

முழங்கால் உயரத்தில் சுவரெல்லாம் பழுப்புக் கோடு.
வெள்ளமா, என்றார்.
வெள்ளம் இல்லை, பாசாங்.
வெள்ளம் சொல்லாமல் வரும்.
இது நாள்காட்டி பார்த்து வரும்,
வந்து சிலிப்பர்களை மிதக்கவிட்டு
இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடும்.
யார் சிலிப்பர் எந்த வாசலில் ஒதுங்கும் என்பது
தெருவுக்கே மனப்பாடம்.
என்னுடையது எப்போதும் ஆ ஹோக் வீட்டுக்கு.
திருப்பித் தர வரும்போது
ஒரு பிடி கெராங்கும் கொண்டுவருவார்.
ஒருமுறை ஒற்றையை மட்டும் நீட்டி
மற்றது சுமத்ராவுக்கு
வேலை தேடிப் போய்விட்டது என்றார்.

கடல் எங்கே, என்று கேட்டார் ஹைருல்.
நீலமாக எதையோ தேடினார் பாவம்.
எங்கள் கடல்
பால் குறைத்துக் கலக்கிய மைலோ நிறம்.
படம் எடுக்க நிற்காது.
அலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை,
சேறு,
சேற்றில் நடை பழகும் மீன்,
கண்டல் வேருக்குள்
யாரோ விரல் சொடுக்குவதுபோல் ஒரு சத்தம்.
இருபது வருடமாகக் கேட்கிறேன்,
எது சொடுக்குகிறது என்று பார்த்ததில்லை.

எனக்கும் எடை போடுகிற வேலைதான்.
செம்பனை ஆலை வாசலில்
லோரி உள்ளே போகும்போது ஓர் எடை,
காலியாய் வரும்போது ஓர் எடை,
கழித்தால் வருவதுதான் கணக்கு.
டயரில் அப்பிய சேறு,
குணாளன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கும்
நாசி லெமாக் பொட்டலம்
(தின்றாலும் தின்னாவிட்டாலும் ஒரே எடை)
இதெல்லாம் போகும்போதும் உண்டு
வரும்போதும் உண்டு.
அதனாலேயே
கணக்கில் வராது.

ஐந்தரைக்கு
கால்வாய் பின்னோக்கி ஓடத் தொடங்கியது.
மூடியின் ஓட்டையில் முதலில் ஒரு குமிழி.
பிறகு தெரு முழுக்க வானம்.
அவர் காடியின் டயர் பாதி காணோம்.
சப்பாத்தைக் கழற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு
எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.
வாங்கி ஐஸ்பெட்டி மேல் வைத்தேன்.
எதுவுமே நடக்காததுபோல
மக் செனா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள்,
தலைக்குமேல் பீசாங் கோரேங் தட்டு.
நான்கு ரிங்கிட்டுக்கு வாங்கினார்.
மேசைமேல் காலை மடக்கி உட்கார்ந்து தின்றார்.
மனைவியைக் கூப்பிட எடுத்தபோது
அவர் கைப்பேசி சிணுங்கியது:
இந்தோனேசியாவுக்கு நல்வரவு.

முகத்தைப் பார்க்க வேண்டுமே.
எனக்கு இது தினமும் வரும் என்றேன்.
பின்வாசலில் கைலி உதறும் நேரத்துக்குள்
ஆயிரம் முறை நாடு கடந்திருக்கிறேன்,
பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை.
எண்ணெய் விரலைப் படிவத்தில் துடைத்தபடி
சத்தமாகச் சிரித்தார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.
நாங்கள் கேட்டதில் பாதிகூட இல்லை.
துரு, ஈரம், நீர்க்கோடு
எல்லாம் ஒழுங்காக இருந்தது.
கடைசிப் பக்கத்தின் மூலையில்
ஒரு எண்ணெய்க் கறை.

அன்றைக்கே ஆ ஹோக் வந்தார்.
ஒரு கையில் கெராங்,
மறு கையில்
உப்பேறி விறைத்துப்போன
ஒற்றைக் காலுறை.
நல்ல துணி, ஈப்போ துணி என்றார்.
துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.