பத்தொன்பதாம் வரி

பதினோரு நொடி ஆடிவிட்டு நின்றது தரை.
தோகோபீயாவில் இதற்கெல்லாம் யாரும் அழுவதில்லை.
அயோடின் ஆலையின் ஆய்வகத்தில் மட்டும்
ஓர் அலமாரி தண்ணீர்க் குழாய்மேல் சாய்ந்திருந்தது.
விடிந்து பார்த்தால் சீட்டுகளெல்லாம் கூழ்.

பெயர் போன முப்பத்தொரு புட்டிகள் தரையில்.
நானும் எதுவிஹிஸும் முழங்காலிட்டு
ஒவ்வொன்றாய்க் கேட்கிறோம்: நீ யார்?

மஞ்சள் தானே சொல்லிவிட்டது, ஈயம் என்று.
சுமை இரண்டு, ஆகவே அயோடைடும் இரண்டு: PbI₂.
சிவப்பு, பாதரசம். கையுறை எங்கே?
கறுப்புத் தாளுக்குள் வெள்ளி,
வெளிச்சம் பட்டால் முகம் மாறுகிற பிறவி.
அதற்கு ஒன்றுக்கு ஒன்று போதும்.
உலோகம் முன்னே, அயோடைடு பின்னே.

கீழே எழுதும் இரண்டு பொடியாக இருக்க வேண்டும்,
எழுத்தின் காலடியில் குந்தியிருக்க வேண்டும்.
"என்னையும் அப்படியே எழுது" என்றாள்.
அப்பா ஒரு வில்கா, அம்மா வேறு ஊர் வில்கா,
அடையாள அட்டையில் வில்கா வில்கா.
வில்கா₂ என்றால் மையாவது மிஞ்சும்.

பதிவேட்டில் பத்தொன்பதாம் வரி:
காப்பர்(II) அயோடைடு, CuI₂, 250 கிராம்.
ஓரத்தில் ஒன்பது தணிக்கைகள்,
ஒன்பது பச்சைச் சரிக்குறிகள்.

எதுவிஹிஸ் சிரிக்கத் தொடங்கியவள்
அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கில் பிழையில்லை.
ரோமன் எண் சரி, கீழ்க்குறி சரி.
ஆனால் அவை இரண்டும் ஒரு கூரையில் தங்காது.
இருசுமைத் தாமிரம் அயோடைடிடம்
ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிடும்;
பறிகொடுத்தது அயோடினாகிப்
பழுப்பாய் வெளியேறும்.
மிஞ்சுவது வெளுத்த CuI.
ஏட்டுச் சுரைக்காய்.
அதை எடையும் போட்டிருக்கிறார்கள்.

திறந்தோம். வெளிறிய பொடி.
காப்பர்(I) அயோடைடு என்று புதுச்சீட்டு ஒட்டினேன்.

மேலாளர் எவரிஸ்தோ தொலைபேசியில்:
"வரியை அடிக்காதே. காப்பீட்டுக்காரன்
வரியைத்தான் எண்ணுவான்."

எதுவிஹிஸ் பேனாவை வாங்கி, பத்தாவது கட்டத்தில்
அழகாக எழுதினாள்:
நிலநடுக்கத்தில் உடைந்தது.

ஒரு பின்னதிர்வு.
புட்டிகள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன.
நாங்கள் இருவரும் கையால் அணைத்துக்கொண்டோம்,
பசை இன்னும் காயவில்லை.