ஓர வரிசை

ஐந்துக்கு இரண்டு.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள் பெங்களூரிலிருந்து.
ஐயாயிரம் ஓம் ஒரு பக்கம், இரண்டாயிரம் மறுபக்கம்,
நடுவில் ஒரு மின்னழுத்தத்தை
அசையாமல் பிடித்து நிறுத்த.

ஆடுதுறையில் கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
இன்வெர்ட்டரின் முனகலில்
திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்,
ஒரு மைக்ரான் உள்ளங்கை அகலமாகும் வரை.

எதில் வரைவது என்பதே முதல் வழக்கு.
கிணறு என்று ஓர் அடுக்கு உண்டு எங்கள் சிலிக்கானில்.
கொஞ்ச இடத்தில் நிறையத் தடுக்கும்,
சூடேறினால் வாக்கு மாறும்,
அழுத்தம் கூடினால் அதற்கும் வேறு பேச்சு.
பாலிசிலிக்கானை எடுத்தேன்.
அதுவும் யோக்கியமில்லை:
சதுரத்துக்கு இருநூறு ஓம் என்று தாளில் இருக்கும்,
ஆலையிலிருந்து நூற்றறுபதாக வரும்,
இருநூற்று நாற்பதாகவும் வரும்.
வரட்டும்.
நம்மைக் கேட்டா மேட்டூர் நிரம்புகிறது?
வருவதில் யாருக்கு எத்தனை பங்கு,
அது பிசகாமல் இருந்தால் போதும்.

ஆகவே நீளமாய் ஒன்று குட்டையாய் ஒன்று வரையமாட்டேன்.
வரைந்து ஒருமுறை பட்டிருக்கிறேன்.
உலோகம் வந்து தொடும் முனையிலும் தடை உண்டு,
நீளமானதற்கு அது தூசி,
குட்டைக்குத் தலைச்சுமை.
ஒரே அச்சில் ஏழு. ஐந்து சதுர நீளம்,
ஏழும் ஒரே அகலம், ஏழும் கிழக்கு மேற்காக.
ஐந்தைத் தொடராகக் கோத்தால் ஒருவர்,
இரண்டைக் கோத்தால் மற்றவர்.

யார் பக்கத்தில் யார்?
அ ஆ அ அ அ ஆ அ.
வலப்புறம் படலம் சற்றுத் தடித்தாலும்
மூலையில் ஒரு டிரான்சிஸ்டர் கொதித்தாலும்
இரு வீட்டாருக்கும் சராசரி ஒன்றே.
கம்பிதான் ஒன்றைத் தாண்டி ஒன்றாக ஓடவேண்டும்,
சம்பந்திகளைக் கலந்து உட்காரவைத்த பந்தியில்
சாம்பார் வாளி அலைவது போல.

பிறகு இரு ஓரத்திலும் இன்னும் ஒவ்வொன்று.
அச்சு அசல் அதே.
எதுவும் ஓடாது அவற்றில்,
இரு காலும் தரையோடு கட்டியிருக்கும்.

ஏழே முக்காலுக்கு ஹெக்டே எழுதினார்:
அந்த இரண்டும் எதற்கு?
இடம் போதவில்லை, எடுத்துவிடு.
காலையிலிருந்து அவருடைய பதின்மூன்றாவது அஞ்சல்.
விரல் அழிக்கும் விசைக்குப் போனது.
போனதுதான், மறைக்கவில்லை.

கீழே குழாயடியில் வாளி வைக்கும் சத்தம்.
அமலோற்பவம் சேறு கழுவிக்கொண்டிருந்தாள்,
நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் அன்று
சோதனைப் பாத்திகள் அறுப்பு.
சாப்பிட்டாயா என்றேன் மாடிக் கைப்பிடியிலிருந்து.
"இடுப்பு போச்சு.
நல்லா வெளைஞ்ச ஓர வரிசையெல்லாம்
மொதல்ல அறுத்துத் தனியாப் போட்டுட்டுத்தான்
உள்ள எறங்கணும். அது எடையில சேராது."
ஏனாம்?
"ஓரத்துல வெயில் கூட, காத்து கூட,
உரத்துக்குப் போட்டி கெடையாது.
சேத்தா கணக்கு பொய்யாப் போயிடும்ல."
அரிதாள் குத்திய குதிகாலைத் தூக்கி
விளக்கில்லாத இருட்டில் தடவிப் பார்த்தாள்.

திரும்பி வந்தேன்.
என் ஓரத்துக்கு அந்தச் சொகுசில்லை.
பொறிக்கிற வாயு திறந்த பக்கத்தைக்
கூடுதலாகவோ குறைவாகவோ கடித்துவைக்கும்,
எப்படியென்று சொல்லமுடியாது.
கடியை அந்த இரண்டும் வாங்கிக்கொண்டால்
உள்ளே ஏழுக்கும் ஒரே முகம்.

மேல் மூலையில் பொறித்த உங்கள் இனிஷியலை
எடுத்தால் இடம் கிடைக்கும், என்று அடித்தேன்.
அழித்தேன்.
மின்தேக்கியை நான்கு மைக்ரான் தள்ளுகிறேன்,
இரண்டும் இருக்கட்டும், என்று அனுப்பினேன்.
தள்ளுவதற்குள் மணி பத்தரை.

ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்
உடனே முறைத்தது:
படத்தில் ஒன்பது, சுற்றில் ஏழு,
இந்த இரண்டும் யார்?

சுற்றில் அவற்றையும் வரைந்தேன்.
பெயர் கேட்டது. பெயரில்லாமல் சேர்க்காது.
ஆங்கில எழுத்தில் அடித்தேன்,
வரப்பு ஒன்று, வரப்பு இரண்டு.

பிழை ஏதுமில்லை என்றது.
ஹெக்டேயிடமிருந்து பதில் இல்லை,
கரண்டும் இன்னும் வரவில்லை.