வால்வு சாவி

மார்கழியில் முதலில் இரும்பு குளிர்கிறது.
அப்புறம்தான் தெரு.

நாலடிச் சாவி, தலையில் குறுக்குக் கம்பி.
சைக்கிள் பாரில் கட்டி
அனுப்பானடி முக்குவரை மிதித்து வருவதற்குள்
தொடையில் ஒரு கோடு மரத்துப்போகும்.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் நோட்டீஸ்:
குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி விழா.
ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கோலப் போட்டி.
ஒன்பதுக்கு ரேஷன் கடை அருகே இலவசக் கண் முகாம்.
பத்துக்குத் தெருநாய்களுக்கு ஊசி.
மாலை பட்டிமன்றம், பிறகு பரிசு, பிறகு சுண்டல்.
கீழே பொடி எழுத்தில்
அன்புடன் அழைக்கும் பதினான்கு பேர்.
அதில் சவரிமுத்து இல்லை.
இருக்க வேண்டியதும் இல்லை. ஆனால்
சனிக்கிழமை முழுக்க அடித்தது
என் போன்தான்.

"அண்ணே, நாளைக்கு நாலு மணிக்கே விட்டுருங்க,
வாசத் தெளிக்கணும்."
"முதல்ல மேலத் தெரு, மறந்துறாதீங்க."
"போன வருசம் வாச காயவே இல்லண்ணே,
கலர் பூரா ஊறிப்போச்சு. அஞ்சுக்கு மேல விடுங்க."
செயலாளர் சாந்தாராம் சார் மட்டும்
எதுவும் கேட்கவில்லை.
"பாத்துச் செய்யுங்க" என்றார்.
அது எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி.

ஆறு தெரு, ஒரே குழாய்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக வரும் என்று
தண்ணீரைத் தெரியாதவர்கள் சொல்வார்கள்.
வழியில் எத்தனை மோட்டார் உறிஞ்சுகிறதோ
அத்தனையும் போக மிச்சம்தான் ஆறாவது தெரு.
வயல்காரன் இதைக் கடைமடை என்பான்.
மாநகராட்சி வரைபடத்தில்
ஒரு கோடு அங்கே சும்மா நின்றுவிடுகிறது.

ஞாயிறு நாலு மணி.
தெருவிளக்கைச் சுற்றிப் பனி பஞ்சாய்.
கோயில் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமுகிறது.
என் வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இன்னும் இறக்கவில்லை,
அணைக்க மறந்து வந்திருக்கிறேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஐந்து வால்வையும் இறுக்கிவிட்டு
ஆறாவதை மட்டும் திறந்தேன்.
பதினெட்டுச் சுற்று.
முதலில் காற்று, பிறகு இருமல்,
பிறகு செங்காவி,
பிறகு அந்தத் தெரு கேட்டே இராத சத்தம்:
குடத்தின் அடியில்
முழு விசையோடு விழும் தண்ணீர்.

நாற்பது நிமிஷம்.
சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது.
அப்புறம்தான் மற்ற ஐந்தும்.

கோலங்கள் வந்தன.
மயில், தேர், தாமரை,
மரம் வளர்க்கச் சொல்லும் ஒரு பூமி உருண்டை,
ஒரு வாசலில் இன்னும் வராத மெட்ரோ ரயில்
ஜன்னல் ஜன்னலாக.

நடுவர்கள் ஆறாவது தெருவுக்கும் போனார்கள்.
ஒரு வாசலிலும் ஒரு புள்ளி இல்லை.
வாசல் நனையக்கூட இல்லை.
கொடிகளில் கனத்துத் தொங்கின
கார்த்திகையிலிருந்து துவைக்காத போர்வைகள்.
தலைக்கு ஊற்றி ஈரம் சொட்ட நின்ற
பேச்சிக்கனியிடம் கேட்டேன்,
"கோலம் போடலையா?"
"அதான் தண்ணி வந்துருச்சே," என்றாள்,
"கோலத்துக்கு எங்க நேரம்?"
சாந்தாராம் சார் தாளில் எதையோ எழுதினார்.

கண் முகாமில் எனக்குப் பதினேழாவது டோக்கன்.
டாக்டர் பொண்ணு ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னாள்.
வலது கண்ணில் எழுத்துகள்.
இடது கண்ணில் மார்கழி.
"புரை. தை பத்துக்கு வேன் வரும், செலவில்ல.
அப்புறம் ஒரு மாசம் குனியக் கூடாது,
பளு தூக்கக் கூடாது."

வரிசை சட்டென்று அமைதியானது.
மேலத் தெருக்காரர்தான் கேட்டார்:
"அந்த ஒரு மாசம் தண்ணி யாரு விடுவா?"
குறை சொல்ல முடியாது.
எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது.

வெளியே சைக்கிள் நிழலில்
முதுகில் பச்சைச் சாயத்தோடு ஒரு நாய்,
ஊசி போட்டாயிற்று என்பதற்கு.
சாவி வெயிலில் கிடந்தும் சூடேறவில்லை.
பேச்சிக்கனி அதை அவிழ்த்து
இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கூந்தல் இன்னும் காயவில்லை.

"எத்தன சுத்துண்ணே?"

ஆறாவதுக்குப் பதினெட்டு என்றேன்.
மற்றதைப் பிறகு சொல்லலாம்.