பச்சைக் கட்டத்தில் முதலை

"சொல்லு தேனு, செஞ்சுர்றேன்" என்பாய்.
பொய்யில்லை. சொன்னால் செய்வாய்.
பால் என்றால் பால்.
பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு
அடுத்து என்ன என்பதுபோல் நிற்பாய்.

என் தலைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை
உமையாள் பிறந்த நாளிலிருந்து உட்கார்ந்திருக்கிறான்.
தூங்குவதில்லை, சம்பளம் கேட்பதில்லை.
கதிருக்கு ஒன்பதாம் மாச ஊசி எந்தப் புதன்,
உமையாள் செருப்பு எந்த விரலைக் கடிக்கிறது,
சிலிண்டர் பதிந்து எத்தனை நாள்,
போனில் உன் அம்மா "சரி, வைக்கிறேன்" என்றதில்
கோபம் எத்தனை பங்கு.
எல்லாம் எழுதிக் கூட்டி
நடுராத்திரி என்னை எழுப்பிக் காட்டுவான்.

"அப்படி என்ன பெரிய பாரம்?" என்று கேட்டாய் ஒருநாள்,
சண்டைக்கில்லை, நிஜமாகவே தெரியாமல்.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவு எனக்கு.
ஊரார் சங்கிலியை மில்லிகிராம் பிசகாமல் நிறுப்பவள்.
உனக்குப் பதில் சொல்ல
ஒரு எடைக்கல்லும் அகப்படவில்லை.

மதுரையில் மூன்று நாள் பயிற்சி, புதன் முதல்.
வழக்கமாய் ஃபிரிட்ஜில் ஒட்டுவேனே,
இரண்டு பக்கம், சிவப்பு மையில் அடிக்கோடு,
அதை இந்த முறை எழுதவில்லை.
கோபத்தில் இல்லை.
கொஞ்சம் கோபத்தில்தான்.

திருப்பத்தூர் தாண்டும்போது கை போனுக்குப் போனது.
மேலூரில் மறுபடியும்.
"வியாழன் மயில் வேஷம்" என்று அடித்து, அழித்து,
அடித்து, அழித்து,
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
தினம் ராத்திரி கூப்பிட்டாய்.
"எல்லாம் நல்லாருக்கு" என்றாய்.
பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது.

வெள்ளி இரவு பத்தரை. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ.
தோளில் கதிரோடு நீ கதவைத் திறந்தாய்.
அவன் சட்டை உள்வெளியாய்.
மாவு பொங்கி ஃபிரிட்ஜின் அடித்தட்டு வரை இறங்கிக்
காய்ந்திருந்தது.
மயில்தோகை காரைக்குடி முழுக்கக் கிடைக்கவில்லையாம்.
உன் பழைய குடைத்துணியை வெட்டிக்
காக்காயாய் அனுப்பியிருக்கிறாய்.
மேடையில் மூன்று முறை கரைந்தாளாம்.
இறங்கவே மாட்டேன் என்றாளாம்.

ஊசி அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது
உனக்கு எப்படித் தெரிந்ததோ.
ஊசி போட்டு, காய்ச்சல் வந்து,
விடியவிடியத் துணி நனைத்து நெற்றியில் வைத்து,
காய்ச்சல் போயும்விட்டது.
"ஏன் சொல்லலை?"
"சொன்னா நீ அங்க தூங்க மாட்டே."

பஸ்ஸில் ஒரு பேச்சு தயார்செய்து வைத்திருந்தேன்,
நல்ல நல்ல வாக்கியங்களாய்.
அதற்குள் நீ கேட்டுவிட்டாய்:
"ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துருது தேனு.
அடுத்து என்ன, அடுத்து என்னன்னு ஓடிக்கிட்டே இருக்கு.
உனக்கு தெனமும் இப்படித்தானா?"
உன் கண்ணுக்குக் கீழே கறுப்பு.
கணக்குப்பிள்ளை வீடு மாறிவிட்டானா,
இரண்டு வீட்டிலும் எழுதுகிறானா?

பையை வைக்க ஒரு எட்டு எடுத்தேன்.
"பச்சையில மிதிக்காதே!"
ஆத்தங்குடிக் கல்லின் பச்சைக் கட்டத்தில் முதலை உண்டாம்.
மஞ்சள் பூவில்தான் கால் வைக்கணுமாம்.
எத்தனை நாளாய் என்றேன்.
"ரொம்ப நாளா இருக்காம்.
நீ அவசரமா அதுமேலயே போவியாம்.
அதான் உங்கிட்ட சொல்லலையாம்."

சுருக்கென்றது.
பங்கு கேட்டவள் நான்தான்.
பிரித்துப் பார்க்கையில்
உமையாளின் ஒரு துண்டு உன் பக்கம் போயிருந்தது,
நான் பார்த்தே இராத துண்டு.

"நாளைக்கு உளுந்து போட்டிருக்கேன்" என்றாய்.
வெந்தயம்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
நீ விளக்கணைக்கப் போனாய்,
தூங்கும் பிள்ளையைத் தோளில் அணைத்து,
எண்பத்தாறு கிலோ உடம்போடு,
பார்க்க யாரும் விழித்திராத வீட்டில்
ஒவ்வொரு மஞ்சள் பூவாய்த் தாவித் தாவி.
கையில் செருப்பும் பையுமாய்
முதல் பூவில் நின்றுகொண்டிருந்தேன்,
அடுத்தது எட்டுமா என்று பார்த்தபடி.