விளக்கணைத்துப் பார்த்தல்

காலாப்பட்டு தாண்டிக் கடலோரம்
இறால் குஞ்சு பொரிக்கும் கம்பெனியில்
இரவுக்கு இருமுறை
விளக்கணைத்துப் பார்ப்பது என் வேலை.

இருட்டில் தொட்டி இருட்டாகவே இருந்தால்
நோட்டில் ஒரு டிக்.
தண்ணீர் பச்சையாய் மினுக்கினால்
குஞ்சுகளுக்குள் கிருமி ஏறிவிட்டதென்று பொருள்.
சூப்பர்வைசரை எழுப்ப வேண்டும்.
அழகாய்த்தான் இருக்கும், பாழாய்ப்போனது.
புதிதாய் வந்த பையன் ஒருவன்
கையை விட்டுக் கலக்கிச் சிரித்தான்.
மறுநாள் அவனே குளோரின் வாளியைத் தூக்கினான்.

அதனால்
கோரிமேட்டில் அந்தப் பெண் ஸ்விட்சை அணைத்தபோது
எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு கீமோ முடிந்தது, அமலோற்பவம்.
கைக்குக் கட்டி தட்டவில்லை.
கைக்குத் தட்டாததெல்லாம் இல்லாததாகிவிடாது
என்றார் டாக்டர் ஹசீனா.
ஆராய்ச்சிக் கருவி. வலிக்காது. கதிர்வீச்சு இல்லை.
மூன்று பக்கம், மூன்று கையெழுத்து.
நான் எல்லாவற்றையும் படித்தேன்.
ஞானப்பிரகாசம் இரண்டாம் பக்கத்திலேயே
டீ குடிக்க எழுந்து போய்விட்டார்.

குப்புறப் படுக்க ஒரு கட்டில், நடுவே ஓட்டை.
இடது மார்பை அதில் இறக்கிவிட்டு
ரெக்சினில் கன்னம் ஒட்டக் கிடந்தேன்.
கீழே ஒரு கிண்ணம்,
அதன் உட்புறமெல்லாம் கண்ணாடி இழைகளின் நுனி.
ஒன்று வெளிச்சம் விடும்.
மற்றவை காத்திருந்து வாங்கும்.

சுடுமா?
இல்லக்கா.
தெரியுமா?
பாதி கண்ணுக்கே தெரியாதுக்கா,
சிவப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிச்சம்.

டார்ச்சைப் பொத்தினால் விரலிடுக்கு சிவக்குமே,
அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.
அதற்கும் அப்பாலிருந்து ஒன்று
தோலைக் கேட்காமல் உள்ளே போய்
எங்கே ரத்தம் கூட்டம் கூடுகிறது,
எங்கே மூச்சு குறைச்சல் என்று
விசாரித்துக்கொண்டு திரும்பி வருகிறதாம்.
இருபத்திரண்டு நிமிடம்.
பால் குடித்த காலத்தில் என் பிள்ளைகள்கூட
இத்தனை பொறுமையாய் இருந்ததில்லை.

வில்லியனூர் மாதாவுக்கு எல்லாரும்
வெளிச்சம் கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்.
நான் படுத்தபடி கேட்டது ஒன்றுதான்:
இருட்டாக இரு.

திரையில் நீலம். நீலம். நீலம்.
விலாப் பக்கம், பழைய கட்டி இருந்த இடத்தின் சரிவில்
ஒரு மஞ்சள்.
யாழ்மொழி (அட்டையில் பெயர் தொங்கியது)
சுட்டியால் அதைச் சுற்றி ஒருமுறை வட்டம் போட்டாள்.
தழும்பாகவும் இருக்கலாம்க்கா,
டாக்டர்தான் சொல்லணும்.
தொட்டி மினுக்கும் இரவில் நானும்
இதே குரலில்தான் சொல்வேன்:
நிலா வெளிச்சமாகவும் இருக்கலாம் சார்.

எங்களுக்கு விதி சுலபம்.
மினுக்கிய தொட்டிக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை.
எட்டு லட்சம் குஞ்சானாலும்
குளோரின் ஊற்று, வால்வைத் திற,
விடிந்ததும் தேய்த்துக் காயப்போடு.
முந்தானையைச் சரிசெய்தபடி
இதை ஹசீனாவிடம் சொல்லிவிட்டேன்.
அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
உனக்கு ஊற்ற வேண்டியதை ஊற்றியாச்சு, என்றார் பிறகு.
மிச்சம் எங்கே என்று தெரிந்தால்தானே
அதை மட்டும் எடுக்க முடியும்.
வெள்ளிக்கிழமை ஊசி வைத்துப் பார்ப்போம்.
மிச்சமாகவே இல்லாமலும் போகலாம்.

போகலாம்.

ராத்திரி டூட்டிக்கு வர வேண்டாமென்றார்கள். வந்தேன்.
அரையங்குலம் முளைத்த தலையில் உப்புக்காற்று ஏறியது.
பன்னிரண்டு மணிக்கு விளக்கை அணைத்தேன்.
காற்றுக்குழாய்கள் மட்டும் கொப்பளித்தன.
கண் பழக ஐந்து நிமிடம் போதும்.
ஏழாம் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
பத்து நிமிடம் நின்றேன்,
இன்னும் கொஞ்சமும் நின்றேன்.

நோட்டில் எழுதினேன்:
தொட்டி 7. இருட்டு.
அதற்குக் கீழே,
வெள்ளி, எனக்கு லீவு.